முதல் இழுப்பறை

“என் கொழுந்தன் என் தலையில மிளகாய் அரைச்சுட்டான், மேடம்!”

கதவை முழுதாகத் திறக்கும் முன்பே அந்த அம்மாள் கத்தினார். மருந்துகளைப் பாதுகாக்கும் குளிர்பதனக் கிடங்கின் முதலாளி அவர். பின்னால் அவருடைய தம்பி மடிக்கணினியோடு வந்தார். கம்பெனிக்கு மென்பொருள் எழுதுபவர். துப்பறியும் அம்மையார் நிதானமாக நாற்காலிகளைக் காட்டினார். அவருடைய உதவியாளர் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். எதிலும் முந்திக்கொள்ளும் அந்த அவசரக்குடுக்கையை எல்லோரும் சுருக்கமாகக் குடுக்கை என்றே அழைத்தார்கள்.

கிடங்குக் கதவுகளை ஆள்வது பிளாக்செயின் என்னும் அழிக்க முடியாத மின்பதிவேட்டில் ஏற்றிய ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட். தானே இயங்கும் நிரல் அது. அதில் முதலாளி என்று பதிவானவர் கைபேசியில் ஒப்புதல் தந்தால்தான் எதுவும் நடக்கும். இன்று காலை அது அம்மாளின் ஒப்புதலை ஏற்கவில்லை. நிரலின் பதிவைத் திறந்து பார்த்தால், முதலாளி என்ற இடத்தில் கொழுந்தனின் பெயர்!

“சொந்தப் பிள்ளை மாதிரி நெனச்சு கிடங்குப் பொறுப்பாளரா வெச்சிருந்தேன். திருட்டுப் பயலேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைக்கப் போறேன். எப்படிப் பண்ணினான்னு மட்டும் சொல்லுங்க.”

“ஊமைக் கோட்டான் மாதிரி இருந்து காரியத்தை முடிச்சிருக்கான்!” என்றார் குடுக்கை.

“கொஞ்சம் வாயை மூடுங்க” என்ற அம்மையார் திரையைப் பார்த்தார். மூன்றே வரிகள். தரச் சோதகர்: அம்மாளின் பெயர். முதலாளி: கொழுந்தனின் பெயர். கிடங்குப் பொறுப்பாளர்: காலி.

“தரச் சோதகர் யாரு?”

“அது நேத்து நான் புதுசா சேர்த்த பதவி” என்றார் தம்பி. “இன்னும் யாரையும் போடல.”

அம்மையார் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கொழுந்தனை வரவழைத்தார். வந்தவர் உட்காரவில்லை, அழுது சிவந்த கண்களோடு கதவோரமே நின்றார்.

“பிளாக்செயின்ல எது மாறினாலும் தடம் இருக்கும். இந்தப் பெயர்களை யாராவது மாத்தின தடம் இருக்கா?”

தம்பி தேடினார். “இல்ல… ஒண்ணுமே இல்ல.”

“இருக்காது. பெயர்கள் அசையவே இல்ல. எண் போட்ட இழுப்பறைகள்னு வெச்சுக்குங்க. முதல் இழுப்பறையில அம்மா பெயர், ரெண்டாவதுல இவர் பெயர். நிரலைப் புதுப்பிச்சாலும் உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். எந்த இழுப்பறைக்கு எந்தப் பதவிங்கிறதை மட்டும் நிரல்ல இருக்கிற வரிசை முடிவு பண்ணும். புதுப் பதவியை எங்க சேர்த்தீங்க?”

“எல்லாத்துக்கும்… மேல.”

“கடைசியில சேர்த்திருக்கணும். மேல சேர்த்ததால ஒவ்வொரு பதவியும் ஒரு இழுப்பறை கீழ இறங்கிடுச்சு. யாரையுமே போடாத பதவியில உங்க அக்கா பெயர் எப்படி வந்துச்சு? அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு.”

“நான் சோதிச்சுப் பார்த்தேனே!”

“பெயர் எதுவும் போடாத காலிப் பெட்டியில சோதிச்சிருப்பீங்க. அதுல இடம் மாற ஒண்ணும் இருக்காதே. சரி, அந்த நிரலை ஏத்த ஒப்புதல் குடுத்தது யாரு?”

“ஐயோ… நான்தான்” என்றார் அம்மாள். குடுக்கை மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

“இப்பவே வரிசையைச் சரிபண்ணி ஏத்திடறேன்” என்று தம்பி பரபரத்தார்.

“ஏத்த முடியாது. முதலாளி ஒப்புதல் வேணும். நிரலைப் பொறுத்தவரை இப்ப முதலாளி அவர்தான்.”

எல்லோரும் கதவோரம் திரும்பினார்கள்.

“என்னது? காலையிலேர்ந்து கிடங்கு மொத்தமும் என் கையிலயா இருந்துச்சு?” என்றார் கொழுந்தன். “எனக்கே தெரியாதே, அண்ணி!”

அம்மாள் எழுந்தார். கையெடுத்துக் கும்பிடப் போனவரைக் கொழுந்தன் தடுத்தார். தம்பி வரிசையைத் திருத்தியதும், கொழுந்தன் தன் கைபேசியில் விரலை வைத்து ஒப்புதல் தந்தார். திரை மாறியது. முதலாளி: அம்மாளின் பெயர். கிடங்குப் பொறுப்பாளர்: கொழுந்தனின் பெயர். தரச் சோதகர்: காலி.

“அப்பாடா!” என்று கொழுந்தனைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தார் அம்மாள். “எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்.”

கொழுந்தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பொறுப்பாளர் இடத்துல வேற யாரையாவது போட்டுக்குங்க, அண்ணி. நான் வரல.”