வைக்கோல் வயிறு

அவள் பஸ்ஸை விட்டு இறங்கிப் பண்ணைக்கு நடந்து வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். கம்பி வேலி, தகரக் கேட், உள்ளே நீளமான ஒரு ஷெட். அதன் ஒரு முனையில் ஆபீஸ் அறை, மறுமுனையில் தீவனக் கிடங்கு. கிடங்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத இன்னோர் அறை. சாணமும் ஊறிய தவிடும் புளித்த பாலும் கலந்த வாசனை. இருபது வருடமாக மூக்குக்குப் பழகிய வாசனைதான். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஏதோ ஒன்று குறைந்தது.

கன்றின் குரல் ஒன்றுகூட இல்லை.

கறவை வேலைக்குப் போன இடத்திலெல்லாம் அவளுக்குக் கைராசி என்றுதான் பெயர். எந்த முரட்டு மாடும் அவள் கை பட்டால் பால் இறக்கிவிடும். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள்.

முதலாளி மென்மையாகப் பேசுகிற மனிதர். வெளுத்த சட்டை, நெற்றி நிறைய அமைதி. “நம்ம பண்ணையில மாட்ட அடிக்கிற பழக்கமே கிடையாதும்மா. எறும்பு ஊர்ந்தாக்கூட ஒதுங்கித்தான் நடப்பேன். ஒரு உயிரையும் கையால தொட்டுக் கெடுத்ததில்ல.”

நல்ல இடமாகத்தான் வந்திருக்கிறோம் என்று மனதுக்குள் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ஷெட்டைக் கழுவுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். ரேடியோ என்று கூப்பிட்டார்கள். “வாங்க தங்கச்சி. ஏற்கெனவே இருந்த கறவைக்காரர் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார். நான்தான் இங்க காலைல ஆன் ஆனா ராத்திரிதான் ஆஃப். காது வலிச்சா சொல்லிடுங்க, ஸ்டேஷன மாத்திக்கிறேன்.”

பேசிக்கொண்டே போய்ப் பின்னறையைத் திறந்தார். இடுப்பில் எதையோ இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். ஒரு மாட்டின் முன்னால் அதை நிறுத்தினார். மறுபடி போனார், இன்னொன்றைக் கொண்டுவந்தார்.

பொம்மைகள். கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, கால்களுக்குக் குச்சி வைத்துத் தைத்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் தாயின் எண் பெயின்ட்டில் எழுதியிருந்தது. கண் இருந்த இடத்திலும் வாய் இருந்த இடத்திலும் சாக்குத் தைக்கிற நூலால் தையல். தாய் முகர்ந்தது. நக்கியது. நக்க நக்க அதன் மடி தளர்ந்து பால் இறங்கியது.

இப்படி ஒன்றிரண்டை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். நோயில் செத்த கன்றுக்குச் செய்வார்கள். இங்கே ஒன்பது நின்றன.

“ஒன்பதுக்கும் என்ன சீக்குண்ணே?”

“சீக்கெல்லாம் இல்ல. காளைக்கன்னு. தானாப் போயிடுச்சு.”

“தானான்னா?”

ரேடியோ முதல்முறையாகக் குரலைக் குறைத்தார். “கட்டிப் போட்டுருவாங்க தங்கச்சி. பால் காட்ட மாட்டாங்க. நாலு நாள், அஞ்சு நாள். யாரும் கை வைக்கிறதில்ல. தானாப் போயிடும்.”

கொன்றார் என்றால், யார் என்று கேட்கலாம். வெட்டினார் என்றால் கத்தி யாருடையது என்று கேட்கலாம். தானாகப் போயிற்று என்று சொல்லிவிட்டால் அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. ஒன்பது உயிர்களைத் தின்றுவிட்டு அந்தப் பண்ணை ஒரே ஒரு சொல்லால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கறந்து முடித்ததும் பொம்மைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ரேடியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “வைக்கோல் கனக்குமா தங்கச்சி? முந்தியெல்லாம் கைக்கு ஒண்ணாத் தூக்கிட்டுப் போவேன். இப்ப ஒண்ணுக்கே நாக்குத் தள்ளுது. வயசாயிடுச்சுன்னு நானும் விட்டுட்டேன்.”

அவள் ஒன்றைத் தூக்கினாள்.

தூக்க முடியவில்லை. வயிறு முட்டக் குடித்த கன்று போல அது கனத்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தாள். காய்ந்த வைக்கோல் நொறுங்கும் சத்தம் வரவில்லை. உள்ளே ஏதோ களக்கென்று தளும்பியது. மூக்கு ஈரமாக இருந்தது. தாய் நக்கிய ஈரம் என்று சொல்லிக்கொண்டாள்.

தாய் நக்கியது முதுகை மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலையில் பதினொன்றாம் எண் மாடு ஈன்றது. நெற்றியில் வெள்ளை இருந்ததால் வேலைக்காரர்கள் அதைச் சுட்டி என்பார்கள். கன்று எழுந்து நின்று இரண்டு தடவை விழுந்து மூன்றாம் தடவை நின்றது. முதலாளி வந்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். காளை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பின் ரூம்ல கட்டுங்க.”

“ஐயா, சீம்பாலாவது ஒரு வாய் குடிக்கட்டும். பிறந்து ஒரு மணி நேரங்கூட ஆகல.”

“நான் என்னம்மா செய்யறேன்? ஒண்ணுமே செய்யல. அதுக்கு விதி இருந்தா பிழைக்கும்.”

“அப்ப எனக்குக் கொடுத்துடுங்க. நான் வளர்த்துக்கறேன்.”

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் கோபமே இல்லை. அதுதான் அவளை எரித்தது. “இன்னைக்கு உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. இளகின மனசுக்கு இந்தத் தொழில் சரிப்படாதும்மா. முடியலன்னா சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டு பக்கந்தான்.”

அவள் போகவில்லை. போனால் அந்தக் கன்றுக்கு யாருமில்லை. அன்று மதியம் முந்தானை நுனியைப் பாலில் நனைத்து எடுத்துப்போய் அதன் வாயில் வைத்தாள். அது துணியோடு அவள் விரலையும் சேர்த்து இழுத்தது. நாக்கு அரம் போலச் சுரசுரத்தது. மறுநாள் முதலாளி அறையைப் பூட்டிவிட்டார். கறவை நேரத்தில் ரேடியோ கையில் மட்டும் சாவி வரும். அப்போது முதலாளியும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

பிறந்த இரண்டாம் நாள் முழுக்கக் கன்று கத்தியது. சுட்டி பதில் கொடுத்தது. மூன்றாம் நாள் சுட்டி கத்தியது, உள்ளிருந்து இழுத்து இழுத்து ஒரு முனகல் வந்தது. கைராசி சோற்றில் கை வைத்தாள், எடுத்துவிட்டாள். படைச்சவனே, எனக்குப் பெரிசா ஒண்ணும் செய்யத் தெரியாது, ஒரே ஒரு வாய் கொடுக்க வழி காட்டு என்று வேண்டிக்கொண்டாள்.

நான்காம் நாள் மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்விட்டது. ஷெட்டுக்குள் மாடுகளின் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பின்னறையிலிருந்து சத்தமே இல்லை. ரேடியோ ஒன்பது பொம்மைகளில் எட்டைக் கொண்டுவந்து அதனதன் தாய் முன்னால் வைத்துவிட்டு, ஒன்பதாவதைத் தரதரவென்று இழுத்து வந்தார்.

சுட்டி பாலை அடக்கிக்கொண்டது. கைராசியின் கைக்கே இறக்கவில்லை. காலை உதறியது. வாளி உருண்டது.

வாசலிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. “அது முன்னாலயும் ஏதாவது ஒரு பொம்மைய வைங்கப்பா. பின்னால பழசு ஒண்ணு கிடக்குமே. புதுசு தயாராகிற வரைக்கும் ஓட்டுங்க.”

புதுசு. கன்று உயிரோடு இருக்கும்போதே.

ரேடியோ போனார். உடனே திரும்பி வந்தார். ஒரே கையில் இடுக்கியிருந்தார். “இது பரவால்ல தங்கச்சி. இருட்டுல தடவிப் பார்த்தேன், ஒண்ணு லேசாக் கிடந்துச்சு. அள்ளிட்டு வந்துட்டேன்.”

அதைச் சுட்டியின் முன்னால் கிடத்தினார். சுட்டி குனிந்தது. நாக்கை நீட்டி அதன் முகத்தை ஒரு தடவை நக்கியது.

பொம்மை கண்ணைத் திறந்தது.

ரேடியோ சாணத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கைராசி குனிந்து பார்த்தாள். தையல் இல்லாத வாய். கயிறு இல்லாத கழுத்து. நிற்க முடியாததற்குக் கயிறு எதற்கு என்று நேற்றே அவிழ்த்திருந்தார்கள்.

“வைக்கோல்னு நெனச்சுட்டேன் தங்கச்சி,” என்று ரேடியோ முணுமுணுத்தார். “இது அதைவிட லேசா இருந்துச்சு.”

அவள் கன்றை மடியில் போட்டாள். தலையைத் தூக்கிக் காம்பில் வைத்து மெல்லப் பீய்ச்சினாள். பால் உதட்டோரம் வழிந்தது. இன்னொரு தடவை. தொண்டை அசைந்தது. சுட்டி நடுங்கிப் பெருமூச்சு விட்டது. நான்கு நாட்களாக அடக்கிய பால் தடதடவென்று இறங்கியது.

சப். சப். சப்.

பலவீனமான சத்தம்தான். ஆனால் அது ஷெட் முழுவதும் கேட்டது.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

சத்தம் மடியிலிருந்து மட்டும் வரவில்லை.

வரிசையாக ஒன்பது இடங்களிலிருந்து வந்தது. இருட்டில் அந்தத் தைத்த வாய்கள் அசைந்தன. நூல் இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்தது. மாடுகள் மிரளவில்லை. காதை ஆட்டாமல், கண்ணை மூடாமல் நின்றன. காத்திருந்தவை போல நின்றன.

“யாரு அங்க கன்ன விட்டது?”

முதலாளி வேகமாக வந்தார். மங்கலில் அவர் கன்றை மட்டும்தான் பார்த்தார். குனிந்து, காம்பை விடுவிக்க எல்லாக் கறவைக்காரர்களும் செய்வது போல, வலது கையின் இரண்டு விரல்களைக் கன்றின் வாய்க்குள் நுழைத்தார். “விடு. விடுன்னா.”

கன்று காம்பை விட்டது. விரல்களைச் சப்பியது. அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கன்று களைத்துப் போய்க் கைராசியின் மடியில் தலையைச் சாய்த்து வாயை மூடிக்கொண்டது.

அவர் கை மட்டும் நீட்டியபடியே நின்றது.

இரண்டு விரல்களும் காற்றில் முன்னால் இழுபட்டன. தளர்ந்தன. மீண்டும் இழுபட்டன. நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்துச் சுருங்கியது. எச்சில் முழங்கை வரை வழிந்தது.

“கைய விடும்மா,” என்றார் மெதுவாக.

அவள் அவரைத் தொடவே இல்லை.

“ஏதோ இழுக்குது. நாக்கு... நாக்கு மாதிரி இருக்கு.” அவர் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கால் ஒரு பொம்மையில் இடித்தது. அது சாயவில்லை. அவர் சாய்ந்தார். “அந்தக் கன்னு குடிக்கட்டும். குடிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணுமே செய்யலியே.”

“அதான் ஐயா,” என்றாள் கைராசி. “நீங்க ஒண்ணுமே செய்யல.”

அவர் எழுந்து ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் இத்தனை நாள் பசித்திருந்தவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தீவன மூட்டை பிரிக்கிற பிளேடை எடுத்தாள். முதல் பொம்மையின் முன் உட்கார்ந்து, வாய்த் தையலை ஒவ்வோர் இழையாக அறுத்தாள். அந்தந்தத் தாயின் காம்பிலிருந்தே உள்ளங்கையில் பால் பிடித்து வாயில் ஊற்றினாள். “இந்தாய்யா. தாமதமாயிடுச்சு. மன்னிச்சுக்க.”

பால் கீழே சிந்தவில்லை.

ஊற்ற ஊற்றப் பொம்மை லேசாகிக்கொண்டு வந்தது. கடைசியில் விரலால் தள்ளினாலே சாய்ந்தது. காய்ந்த வைக்கோல் நொறுங்கியது. ஒன்பதுக்கும் அப்படியே செய்தாள். மழை விட்டதும் ரேடியோ வேலியோரம் குழி தோண்டினார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் மண்ணைத் தள்ளிவிட்டுக் கைகூப்பி நின்றாள். அவளால் கொடுக்க முடிந்தது ஒரு கை பால்தான். அது அவள் பங்கு. அவர்களுக்கு வரவேண்டிய மீதியை வேறொருவர் அல்லவா கொடுக்க வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் சுட்டியின் கன்று எழுந்தது. முன்கால் மடங்கியது. பின்கால் மடங்கியது. பிறகு நின்றது. யாரும் காட்டாமல் தானே காம்பைத் தேடிப் பிடித்தது. முட்டி முட்டிக் குடித்தது. குடித்து முடித்து, வாய் நிறைய நுரையோடு தாயின் காலடியில் சுருண்டு தூங்கிப்போனது. சுட்டி அதை நக்கிக்கொண்டே இருந்தது. கைராசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரண்ட் வந்தது. மாடுகள் படுத்துவிட்டன. ஷெட்டில் ஓர் ஓசையும் இல்லை.

இருந்தும் அந்தச் சத்தம் கேட்டது.

ரேடியோ அவள் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் ஒரே திசையில் பார்த்தார்கள். ஆபீஸ் அறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கீழ் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

“உள்ள யாருண்ணே?”

“முதலாளி மட்டுந்தான்.” அவர் குரல் காற்றாக வந்தது. “போய்ப் பார்க்கட்டுமா தங்கச்சி?”

அவள் தூங்குகிற கன்றைப் பார்த்தாள். அந்த மனிதருக்காகவும் ஒரு நிமிடம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்துவிட்டுச் சொன்னாள்.

“வேணாம்ணே. பசி அடங்கட்டும்.”

கதவுக்குப் பின்னால் முதலாளி போதும், போதும் என்று கெஞ்சுவது கேட்டது. சப்புகிற சத்தம் ஒரு கணம் நின்றது.

பிறகு, முன்னைவிட ஆழமாக, மறுபடி தொடங்கியது.