விருந்தாளி என்னும் நோயாளி

அக்டோபர் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் ஓயவில்லை. வானம் ஈயத் தகடுபோல் மூடிக் கிடந்தது.

பல் மருத்துவர் ஒருவர் குடையை மறந்து, தொப்பலாக நனைந்தவராய்த் துப்பறிவாளரின் அறைக்குள் நுழைந்தார். துப்பறிவாளரை அறிந்தோர் அவரை ‘நிதானம்’ என்றே அழைப்பர். உடனிருந்த அவருடைய மைத்துனனோ அவசரத்தின் உடன்பிறப்பு. வந்தவர் அமருமுன்பே, “என்ன சார் திருட்டுப் போச்சு?” என்று கேட்டான்.

“ஒரு நட்சத்திரம்.”

மைத்துனனுக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவரின் கண்களைக் கண்டதும் அடக்கிக்கொண்டான்.

“கிளினிக் மாடியில டெலஸ்கோப் வெச்சிருக்கேன். போன செவ்வாய்ல இருந்து வெள்ளி வரைக்கும் நாலு ராத்திரி படம் எடுத்தேன். ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒரு புள்ளி வந்துச்சு. முதல் நாள் சாதாரண ஸ்கிரீன்ல தெரியவே தெரியாத அளவுக்கு மங்கல். நாலாம் நாள் பளிச்சுன்னு! எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு சார். முதல்ல பார்த்தவன் நான். இன்னிக்கு சாயந்திரம் ஏழு மணிக்குள்ள அசல் படங்களை அனுப்பணும்னு வானியல் சங்கம் கேட்குது. இல்லைன்னா அடுத்துப் பார்த்தவர் பேர்ல போயிடும்.”

“படங்களுக்கு என்ன ஆச்சு?”

“டிஸ்க்ல பேர் மட்டும் இருக்கு. எதுவுமே திறக்கல. கூடவே மாட்டியிருக்கிற காப்பி டிஸ்க்கிலயும் அதே கதி. எங்க அக்காதான் அழிச்சிருக்கா. ‘ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு யார் பல்லை மாத்திப் புடுங்கப் போறியோ’ன்னு தினமும் திட்டுவா. இனிமே கிளினிக் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன்.”

அவர்கள் கிளினிக்குக்குச் சென்றபோது அக்காள் முன்மேசையில் அசையாமல் அமர்ந்திருந்தார். “வராதேன்னு சொல்ல இவன் யாரு? இவனுக்கு மூக்குத் துடைச்சு விட்டவ நான்!” என்றார். ஆனால், கைக்குட்டை ஈரமாயிருந்ததை நிதானம் கவனித்தார்.

மருத்துவரின் அறையில் பழுப்பேறிய பழைய கம்ப்யூட்டர் ஸ்கிரீன் ஒன்று இருந்தது. மைத்துனன் விசைப்பலகையின்மீது குனிந்து கூவினான். “அத்தான்! ஒரே ஒரு பொத்தான்ல மட்டும் வெள்ளைத் தூள்! பின்னறையில பல் செட் செய்யறவரோட அச்சு மாவுதான் இது!”

பல் செட் செய்பவர் எட்டிப் பார்த்தார். தலைமுதல் கால்வரை மாவாக நின்ற அவர், “தம்பி, நான் இங்கே வந்திருந்தா நாற்காலி, மேசை, கதவு எல்லாமே சாட்சி சொல்லும்” என்று சிரித்தார்.

நிதானம் தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். அது நறநறவென்று இல்லை, வழுக்கிற்று. பின்னர் டிஸ்க்கைச் சிறிது நேரம் ஆராய்ந்தார்.

“கவலையே வேண்டாம். எங்கிட்ட ஏழு ரிப்பேர் சாப்ட்வேர் இருக்கு!” என்று மைத்துனன் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். அதற்குள் நிதானம் டிஸ்க்கின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்.

“வேண்டாம் மாப்ளே. ஏற்கெனவே ஒரு வைத்தியத்துலதான் இது செத்திருக்கு.”

அவர் அக்காளிடம் திரும்பினார். “உங்க வேலை என்னம்மா?”

“எல்லாம்தான். சனிக்கிழமை சாயந்திரம் எக்ஸ்ரே மெஷின்ல இருக்கிற படத்தையெல்லாம் தனி டிஸ்க்ல காப்பி எடுத்து, கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிடுவேன். கிளினிக் எரிஞ்சாலும் நோயாளிங்க படம் தப்பிக்கணுமில்ல? அதுலயும் பாருங்க, விருந்தாளின்னு ஒருத்தர். வயசு கிடையாது, போன் நம்பர் கிடையாது. நாலு எக்ஸ்ரே எடுத்திருக்கு. ஒரு நாளாவது பல்லைக் காட்ட வந்தாரா? இல்ல!”

நிதானத்தின் முகத்தில் முதன்முறையாக ஒளி பரவியது. அனைவரையும் எக்ஸ்ரே அறையின் வாயிலுக்கு அழைத்தார்.

“யாரும் எதையும் அழிக்கல. டிஸ்க்ல பேரில்லாத துணுக்குகளா, நேத்து தேதியில ஒரு குவியல் இருக்கு. மனுஷன் அழிச்சா அப்படி வராது. ரிப்பேர் சாப்ட்வேர் ஓடினாத்தான் வரும். பொத்தான்ல இருக்கிற தூள் ரப்பர் கையுறைக்குள்ள போடறது. இங்கே கையுறை போடறவர் ஒருத்தர்தான். டாக்டர், நேத்து ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி உட்கார வெச்சுட்டு, அவசரமா வந்து ‘பழுது நீக்கவா?’ன்னு கேட்டதுக்கு ‘ஆமா’ன்னு அழுத்தினீங்க. சரிதானே?”

மருத்துவர் வெளிறினார். “டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டுச்சு… ஆனா, ‘பழுது நீங்கியது’ன்னு வந்துச்சே!”

“அது அலமாரியைத்தான் நிமிர்த்துச்சு, உள்ளே கிழிஞ்சிருந்ததைத் தூக்கி எறிஞ்சிடுச்சு. கூடவே மாட்டியிருந்த ரெண்டாவது டிஸ்க் காப்பி இல்லை சார், கண்ணாடி. முகத்துல கரி பூசினா கண்ணாடியிலயும் கரிதான்.”

“அப்போ எல்லாம் போச்சா அத்தான்?” என்றான் மைத்துனன்.

“சாதாரண ஸ்கிரீன்ல தெரியாத புள்ளியை டாக்டர் எதுல பார்த்தார்? மங்கலான சாம்பல் நிறத்தையும் காட்டறது இந்த எக்ஸ்ரே ஸ்கிரீன் ஒண்ணுதான். ஆனா, நோயாளி பேர் இல்லாம இது எந்தப் படத்தையும் திறக்காது.”

“வானத்துக்குப் புதுசா வந்தவர்னு ‘விருந்தாளி’ன்னு பேர் போட்டு அசலை அப்படியே ஏத்தினேன்,” என்று மருத்துவர் முணுமுணுத்தார். “ஆனா, ஞாயித்துக்கிழமையே அதை அழிச்சிட்டேனே!”

“சனிக்கிழமையே அக்கா வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்களே!”

அக்காள் மழையில் ஓடிச் சென்று, துணி அலமாரியிலிருந்த டிஸ்க்கைக் கொண்டு வந்தார். விளக்கணைத்த அறையில், கடைவாய்ப் பற்களின் வரிசைக்கு நடுவே ‘விருந்தாளி’ திறந்தது. முதற்படம் கும்மிருட்டு. மைத்துனன் மூச்சையடக்கி உற்று நோக்கினான். இருளின் ஓரத்தில், ஊசி முனையளவில், ஒரு சாம்பல் ஒளி. இரண்டாம் படத்தில் அது கண் விழித்தது. நான்காம் படத்தில் சுற்றியிருந்த அனைத்தையும் வென்று நின்றது. கூரையின்மீது மழை மட்டும் பேசிற்று.

“இது எவ்வளவு தூரம்டா?” என்றார் அக்காள், கிசுகிசுப்பாக.

“இந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினப்ப மனுஷன் எழுதவே கத்துக்கல அக்கா.”

“அடப் பாவி! அவ்வளவு தூரம் நடந்து வந்தவரையா பல்லைக் காட்ட வரலைன்னு திட்டினேன்!” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மைத்துனன் தன் பென்டிரைவை ஓசையின்றிக் காற்சட்டைப் பையின் அடியில் திணித்தான். மருத்துவர் படங்களை அனுப்பிவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி, அக்காளின் கைப்பையில் தம் கையாலேயே வைத்து மூடினார். “நாளைக்கும் நீதான் கிளினிக்கைத் திறக்கணும்” என்றார்.

‘அசல் படங்கள் கிடைத்தன. முதலில் கண்டவர் தாங்களே’ என்று சங்கத்தின் பதில் வந்து சேர்ந்தபோது மணி மாலை ஆறு நாற்பத்திரண்டு.