ஈசானிய மூலை எலுமிச்சை

காலை 9.40. சிங்கப்பூரின் சாங்கிப் பக்கம், பழைய ராணுவ முகாமாக இருந்து அடுக்குமாடி வீடுகளாக மாறவிருந்த நிலத்தில், அர்ஃபான் ஓட்டிய எக்ஸ்கவேட்டர் இரண்டு மீட்டர் ஆழத்தில் எதையோ முட்டியது. போர்க்காலத்து வெடிகுண்டு. நூறு கிலோ, உடம்பெல்லாம் துரு. வெடிக்கவில்லை. அன்று அங்கே நாகரிகமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

மதியத்துக்குள் ராணுவத்தார் குண்டை அப்புறப்படுத்தினார்கள். பிற்பகல் 3.10க்கு இன்ஸ்பெக்டர் நிரஞ்சனா கொண்டெய்னர் ஆபீசுக்குள் நுழைந்தபோது, அவளுக்காக ஒரு குற்றவாளியைத் தயாராக உட்கார வைத்திருந்தார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அர்ஃபான்.

தயார் செய்தவர் டாக்டர் ரமணன். எந்த நிலத்தில் வெடிபொருள் அபாயம் உண்டு, எதில் இல்லை என்று சான்றிதழ் தரும் நிபுணர். பட்டங்கள் விசிட்டிங் கார்டின் பின்பக்கம்வரை வழிந்திருந்தன. மேசையில் அவர் தந்த வரைபடம், மண்ணுக்குள் இரும்பு இருப்பதைக் காட்டும் ஒரு புள்ளிகூட இல்லாமல் சலவை வேட்டி மாதிரிக் கிடந்தது. மேலே சுவரில், சட்டம் போட்ட படம்: மாலையும் கழுத்துமாக, சுத்தியலை ஓங்கியபடி அவரேதான். கீழே, 'பூமி பூஜை, மார்ச் 10'.

"மார்ச் பன்னிரண்டாம் தேதி நானே ஒரு மூலை விடாம அளந்தேன் மேடம். மண்ணுக்குள்ள ஓர் ஆணி இருந்தாலும் என் மெஷின் கத்தும். குண்டு அங்க இல்லவே இல்ல லா. இவன்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து புதைச்சிருக்கான். பழைய இரும்பு திருடுற பசங்க..."

"நான் எதையும் கொண்டு வரல மேடம்," என்றான் அர்ஃபான். "வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஜெயில்ல போடுவாங்கன்னு சொல்றார்."

"உன்னை யாரு கேட்டா?"

"நான் கேட்டேன்," என்றாள் நிரஞ்சனா. "நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க டாக்டர்."

3.35. மேற்பார்வையாளர் தனசேகரன் முன்னே நடக்க, எல்லோரும் நிலத்தின் வடகிழக்கு மூலைக்கு வந்தார்கள். தரையில் குங்குமம் தடவிய எலுமிச்சை ஒன்று கறுத்து வற்றிக் கிடந்தது.

"இது என்ன அண்ணே?"

"ஈசானிய மூலை மேடம். பூஜையன்னைக்கு நாலு மூலையிலயும் காவலுக்கு இரும்பு முளை அடிச்சோம். ஒவ்வொண்ணும் ஒரு முழம். இங்க அடிச்சது டாக்டர். முதல் மரியாதையைக் கேட்டு வாங்கிக்கிட்டார்."

"இப்போ எங்க?"

"உள்ளதான். பிடுங்கினா காவல் போயிடுமே."

நிரஞ்சனா திரும்பினாள். "டாக்டர், உங்க மெஷினை எடுத்துட்டு வாங்க."

3.50. எலுமிச்சைக்கு மேலே கொண்டுபோனதும் மெஷின் கிரீச்சென்று அலறியது. ரமணன் பூரித்துப் போனார். "பார்த்தீங்களா? தப்புமா எங்கிட்ட!"

"தப்பாது." அவள் வரைபடத்தை விரித்தாள். "பூஜை பத்தாம் தேதி. நீங்க அளந்தது பன்னிரண்டு. நாலு மூலையில நாலு முளை. இதுல ஒரு புள்ளியைக் காட்டுங்க."

"அது... அப்புறமா யாராவது அடிச்சிருக்கலாம்..."

"அடிச்சது நீங்க. தேதி போட்டுச் சுவர்ல மாட்டினதும் நீங்க. உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு டாக்டர், இந்த மண்ணுல அது வேலை பார்த்தது இன்னைக்குத்தான். இது எந்த ஊர் வரைபடம்?"

ரமணனின் கழுத்தில் வியர்வை, படத்தில் மாலை கிடந்த இடத்தில். "அதுக்கு முந்தின மாசம் அளந்த வேற ஒரு சைட்டோடது... வெயில் ஜாஸ்தி... இங்க என்ன இருந்துடப் போகுதுன்னு..."

"குண்டு இருந்துச்சு சார்," என்றான் அர்ஃபான். பிறகு நிரஞ்சனாவிடம், "அப்போ நான் போலாமா மேடம்?"

"போலாம். ஆனா வந்த தடத்துலயே கால் வைங்க. இந்த நிலத்தை இதுவரைக்கும் யாரும் அளக்கல."

எல்லோரும் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள். நழுவுவதற்காக ஒரு காலைத் தூக்கியிருந்த டாக்டர் ரமணன், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கியபடியே நின்றார்.