கை சுத்தம்

எதுவும் வைக்காத வட்டத்தில் ஒரு புரதம் இருந்தது.

கையகல எஃகுத் தட்டு, அதில் வரிசையாக எண்ணிட்ட சின்ன வட்டங்கள். நோயாளிகளின் மாதிரியை அவற்றில் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவிட்டு இயந்திரத்துக்குள் தள்ளினால், லேசர் 'டிக், டிக்' என்று சுடச் சுடப் புரதத் துணுக்குகள் பறக்கும். பறக்கும் நேரம் எடையைச் சொல்லும், எடை பெயரைச் சொல்லும். இயந்திரத்தைச் சரிபார்க்கத்தான் ஆய்வகத்தில் தனியாக இருந்த அவள் இன்று வெறும் தட்டை ஓட்டினாள். ஆனாலும் திரையில் கோடுகள் குத்திட்டு நின்றன. பெயரும் வந்தது. கெரட்டின். மனிதத் தோல்.

போன மாதம் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த மாதிரி, இதே கெரட்டின் கலந்து பாழாகியிருந்தது. திரும்பச் செய்து பார்க்க மாதிரியில் மிச்சமும் இல்லை. "யார் கை பட்டுச்சு?" என்று இயக்குநர் கேட்டபோது, பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் இருந்த அக்கா தன்மேலேயே சந்தேகப்பட்டு, "நானா இருக்கலாம் சார்" என்றாள். அவசரத்தில் கையுறை போடாமல் தட்டைப் பிடித்தது இவள். வாயே திறக்கவில்லை. அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் காலி நாற்காலிப் பக்கம் திரும்பவே இவளுக்குக் கூசியது.

தட்டைக் கழுவினாள். மெத்தனால் நெடி மூக்கில் ஏறியது. வெளியே உச்சி வெயில் காய்ந்தாலும் அறைக்குள் ஏசிக் குளிர் எலும்புவரை இறங்க, வெற்றிடப் பம்பு யாரோ மூச்சிரைப்பதைப் போல ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஓட்டினாள். கோடுகள் இன்னும் உயரமாக எழுந்தன. ஒவ்வொரு 'டிக்'குக்கும் கையுறைக்குள் அவள் உள்ளங்கை சுருக்கென்றது.

கைபேசி அடித்தது. அக்கா.

"மெஷின் நல்லா ஓடுதாம்மா? எனக்குத் தூக்கமே வரல. அன்னைக்கு நான் கிளவுஸ் போட்டிருந்தேனா? நீ பார்த்தியா?"

சொல்லிவிடலாம். இப்போதே. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கவனிக்கலக்கா."

"சரி, விடு. வேற எங்கயும் வேலை தரமாட்டேங்கிறாங்க. யாராவது விசாரிச்சா என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லு. உன் கை சுத்தம்னு எல்லாருக்கும் தெரியும். நீ சொன்னா நம்புவாங்க."

வெட்கத்தில் காதுமடல் எரிந்தது. லேசரை அணைத்தாள்.

'டிக்.'

பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. பம்பு அடங்கியது.

'டிக்.'

இயந்திரத்தின் கதவு தானாகத் திறந்தது. தட்டு வெளியே நகர்ந்து வந்தது. எஃகு இல்லை. தோல். வெளிறிய, ஈரமான தோல். குறுக்கே ரேகைகள். சின்ன வயதில் கண்ணாடி கிழித்த அவளுடைய தழும்பு.

"லைன்ல இருக்கியாம்மா?"

கையுறையை உரித்தாள்.

உள்ளங்கையில் ரேகை இல்லை. பளபளவென்று எஃகு. வரிசையாக எண்ணிட்ட வட்டங்கள். ஒன்றாம் எண்ணின் நடுவில் ஒரு புள்ளி கருகிப் புகைந்தது.

பிறகு இரண்டாம் எண்.