நான்காவது குறும்புத் தெரு

இரண்டாவது சனிக்கிழமை என்றால் எனக்கு நினைவகம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பதினேழாவது மாடியிலிருந்து இறங்கி, தானோடி வண்டியில் ஏறி, எட்டரைக்கெல்லாம் போய் வரிசையில் நிற்பேன். வண்டி தானாக ஓடுகிற காலத்தில் வரிசை மட்டும் தானாக நகரக் கற்றுக்கொள்ளவில்லை. அதே சீட்டு எண், அதே பிளாஸ்டிக் நாற்காலி. அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊருக்கு முத்திரை வைக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது.

ஊர் என்று சொன்னேனே தவிர, ஊர் போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. கோமளா நகர். ஏரிக்குள் மனை போட்டு விற்ற புறநகர். 2049இல் ஏரி தன் இடத்தைத் திரும்பக் கேட்டது, அரசாங்கமும் கொடுத்துவிட்டது. எங்களைக் கோபுரங்களில் ஏற்றிவிட்டு, ஆறுதலுக்கு மீள்நகர் ஒன்று கட்டித் தருகிறோம் என்றார்கள். பழைய ஊரை அப்படியே எங்கள் நினைவிலிருந்து எடுத்துக் கட்டுவார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் உள்ளே நடக்கலாம். நம் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும்கூட நடக்கலாம்.

நினைவுமுடி என்று கம்பி வலையில் ஒரு தொப்பி தருவார்கள். அதை மாட்டிக்கொண்டு பேசினால் மனதில் எழுகிற படத்தைத் துலா எடுத்துக்கொள்ளும். துலா என்பது அங்கே உள்ள இயந்திர அறிவு. ஒருவர் தலையில் அந்த முடி இருக்கிறவரை அன்றைய கணக்கை அது மூடாது. போன வருடம் ஆறாவது தெருக்காரர் ஒருவர் முடியோடு தூங்கிப் போய், ஊழியர்கள் எல்லோரும் ஏழு மணி வரை வீட்டுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டியா? இன்னிக்காவது சண்டை போடாம இரு" என்றான் அஷ்வின். எதிர்வீட்டு அஷ்வின். இரண்டு பேருக்கும் அறுபத்தேழு வயது. அவன் வழுக்கைத் தலையில் ஒரு முடி கிடையாது, என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"நீ இன்னிக்காவது உண்மையச் சொல்லு. தண்ணி டேங்க் கறுப்புதான்."

"நீலம், தர்ஷு."

"நீலம் உங்க மாமா வீட்ல. நம்ம தெருவுல கறுப்பு."

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மீள்நகரின் சட்டம் அப்படி. எதுவானாலும் மூன்று பேர் சொல்ல வேண்டும். மரமோ, கேட்டோ, நாயோ, மனிதரோ, மூன்று பேர் ஒத்துச் சொன்னால்தான் உள்ளே வரும். முதலில் சட்டம் இல்லாதபோது, ஆளாளுக்குத் தம் அப்பாவுக்கு மூன்று மாடி கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்தவனுக்கெல்லாம் ஊஞ்சல் கூடம். அதனால் மூவர் விதி. நியாயமான விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஷெர்லினை வெளியே நிறுத்தியது.

ஷெர்லின் ஏழாம் நம்பர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவள். தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடுவாள். வரிசையில் எனக்கும் அஷ்வினுக்கும் இடம் பிடித்து வைப்பாள். காலி மனையில் எருமைகள் படுத்திருக்க, பக்கத்தில் நாங்கள் ஷட்டில் ஆடுவோம். பந்து எருமை முதுகில் விழுந்தால் எடுக்கப் போகிறவள் அவள்தான். மாலா மிஸ்ஸிடம் டியூஷனுக்கு அவளுடைய பச்சை சைக்கிளில் போவோம். அவள் மிதிப்பாள், நான் கேரியரில். எனக்கு மிதிக்கத் தெரியாது. 2019 அக்டோபரில் டெங்கு வந்து ஆறே நாளில் போய்விட்டாள். பதினோரு வயது. அந்த மாதமே அவள் அப்பாவும் அம்மாவும் நாகர்கோவிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை.

அவளை நினைவு வைத்திருப்பது நானும் அஷ்வினும் மட்டும். இரண்டு பேர். சைக்கிளுக்கு நான்கு பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள், எனக்கு ஒன்பது பேர். ஆகவே மீள்நகரில் என்ன நடக்கிறது தெரியுமா? பச்சை சைக்கிள் தானாக ஓடுகிறது. பெடல் தானாகச் சுற்றுகிறது. கேரியரில் நான் ஒருத்தி இரட்டைச் சடையோடு உட்கார்ந்து, முன்னால் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசிச் சிரித்துக்கொண்டே போகிறேன். முதல் தடவை பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

எங்கள் முறை வரும்போது மணி நாலாகிவிட்டது. சாட்சிகளை ஒப்பிட்டுப் பதிகிற ஒப்பாளர் இளம்பரிதி எங்களை வழக்கம்போல் கைகூப்பி உட்கார வைத்தார். ஐம்பது வயது, பொறுமைசாலி. என்னைப் பார்த்தால் மட்டும் லேசாக வியர்க்கும். நானும் அஷ்வினும் ஆளுக்கொரு முடியை மாட்டிக்கொண்டோம். முகவரி சொல்லச் சொன்னார்.

"நாலாவது குறும்புத் தெரு, கோமளா நகர்."

திரையில் உடனே சிவப்புக் கோடு விழுந்தது. எழுத்துப்பிழை. குறுக்குத் தெரு எனத் திருத்தப்பட்டது.

அஷ்வின் நெற்றியில் அடித்துக்கொண்டான். "குறுக்குன்னே சொல்லித் தொலையேன். பதினாலு மாசமா இதே கூத்து."

கூத்துதான். மூன்றாவது குறுக்குத் தெரு, ஐந்தாவது குறுக்குத் தெரு எல்லாம் ஒழுங்காக எழுதின பெயிண்டர், எங்கள் பலகைக்கு வந்தபோது எந்த ஞாபகத்தில் இருந்தானோ, குறும்புத் தெரு என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். ஐந்து வருடம் அது அப்படியே இருந்தது. ஷேர் ஆட்டோக்காரர் "குறும்பு இறங்கு" என்பார். கூரியர் அந்தப் பேரில்தான் வந்தது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் மானக்கேடு. பிறகு பலகையை மாற்றினார்கள். இப்போதும் அந்தத் தெருவில் பதினாறு வீட்டுக்காரர்கள் குறுக்கு என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நானும், நச்சரித்து நச்சரித்து நான் சொல்ல வைத்த அஷ்வினும்தான் மிச்சம்.

சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை மாதம் கோபத்தில் அதைக் கேட்கவே தோன்றவில்லை.

"சார், நான் தப்பாச் சொன்னாலும் துலா எப்படித் திருத்துது?"

"உங்க மனை எண் எங்ககிட்ட இருக்கே, அம்மா. அதை வெச்சுத் தெரு தெரிஞ்சிடும்."

"மனை எண் இல்லாதவங்க? வாடகைக்கு இருந்தவங்க?"

"அவங்க சொல்ற முகவரி பொருந்தினா சேரும். பொருந்தலேன்னா இடமறியாப் பெட்டிக்குப் போயிடும்."

"அந்தப் பெட்டியில குறும்புன்னு தேடுங்க."

அவர் அஷ்வினைப் பார்த்தார். அஷ்வின் முதல் முறையாக என் பக்கம் நின்று, "தேடுங்க சார், வீட்டுக்குப் போகணும்ல" என்றான்.

ஒரே ஒரு பதிவு வந்தது. நாகர்கோவில் மையம், ஆண்டு 2052. கொடுத்தவர் ஜாய்ஸ் மேரி, வயது எழுபது. நிலை: அப்படி ஒரு தெரு இல்லை.

ஜாய்ஸ் ஆன்ட்டி. ஷெர்லினின் அம்மா. அவர் இறந்தே இருபது வருடம் ஆகிறது. இளம்பரிதி ஓட விட்டார்.

"நாங்க நாலாவது குறும்புத் தெருவுல ஏழாம் நம்பர் மாடியில இருந்தோம்" என்றது அந்தக் குரல். "வீடு பாக்கப் போனப்ப எம் பிள்ள போர்டை வாசிச்சா. அம்மா, நமக்குன்னே எழுதி வச்சிருக்காங்க, இங்கதான் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. தண்ணி கஷ்டம்னு தெரிஞ்சும் அவளுக்காகத்தான் அட்வான்ஸ் குடுத்தோம். பச்ச சைக்கிள் வாங்கிக் குடுத்தோம். எதுத்த வீட்டுப் பையனும் பக்கத்து வீட்டு தர்ஷினியும்தான் அவளுக்குக் கூட்டு. அவ இருந்தாங்கறத எங்கயாவது எழுதி வையுங்கய்யா."

அஷ்வின் மூக்கை உறிஞ்சினான். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்து மூன்று வருடமாக மூன்றாவது சாட்சி ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கிறார்.

"சேத்துடலாம், அம்மா" என்றார் இளம்பரிதி. "ஒரே ஒரு கையெழுத்து. கொடுத்தவங்க உயிரோட இல்லாததால, குறும்புங்கறது அவங்க வாய்தவறிச் சொன்ன பிழைன்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும். குறுக்குன்னு மாத்தினா உடனே பொருந்திடும்."

"போடு தர்ஷு" என்றான் அஷ்வின். "சாமி மாதிரி வழி வந்திருக்கு. போட்டுடு."

விரலை நீட்டினேன், பொய் சொல்வானேன். நீட்டின விரலை மடக்கிக்கொண்டேன்.

"அப்போ அந்தம்மா சொன்னதுல என்ன மிஞ்சும்? குறுக்குத் தெருங்கற போர்டைப் பாத்தா ஒரு குழந்தை ஒத்தக் கால்ல நிக்கும்? பெத்தவ ஒரே ஒரு வாட்டி பேசியிருக்கா. அதுலயும் சிவப்புக் கோடு போடணுமா?"

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காத. மணி நாலரை. ஷெர்லின் வேணுமா, போர்டு வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"பெயரை ஏத்துக்க மூணு சாட்சி வேணுமே, அம்மா" என்றார் இளம்பரிதி. "நீங்க ரெண்டு பேர்தான் இருக்கீங்க. இடமில்லாத பதிவைச் சாட்சியா எடுக்க முடியாது. தெருவுல வேற யாரும் சொல்லவே இல்லையே."

வேறு யாரும் சொல்லவில்லை. உண்மைதான். அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் அவர்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சுளித்தவர் என் அப்பா. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வாடகைக்காரர்களைக் கூட்டத்துக்குள் விடாதவர். பலகையை மாற்றியதும் அவர்தான். ஷெர்லின் போன பிறகு, இரண்டே மாதத்தில். பன்னிரண்டு வயதில் அதற்காக அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அவருடைய நினைவுப் பதிவு 2050இலேயே சேர்ந்துவிட்டது. நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கப் பிடிக்கவில்லை.

மாற்றியவர் என்றால், எதை மாற்றினார் என்று சொல்லியிருப்பாரே.

"எங்கப்பா பதிவை எடுங்க. சம்பந்தமூர்த்தி, ஒன்பதாம் நம்பர்."

துலா சுருக்கி எழுதின எழுத்துவடிவம் திரையில் வந்தது. அஷ்வின் உரக்கப் படித்தான். "எங்கள் பலகையில் நான்காவது குறுக்குத் தெரு என்று இருந்தது. வெளியில் சொல்லவே வெட்கமாக இருந்தது. மூன்று முறை மனு கொடுத்து, அதை நான்காவது குறுக்குத் தெரு என்று மாற்றியவன் நான்."

படித்து முடித்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். இளம்பரிதிகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிழை திருத்துகிறேன் என்று துலா என் அப்பாவைப் பைத்தியக்காரர் ஆக்கி வைத்திருந்தது.

"மூலக் குரலைப் போடுங்க" என்றேன்.

அப்பாவின் குரல் வந்தது. அதே அதிகாரம், அதே தொண்டைச் செருமல். "எங்க போர்டுல நாலாவது குறும்புத் தெருன்னு இருந்தது. குறும்புத் தெருவாம், குறும்பு. நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பேரு இருக்கக் கூடாதுன்னு அழிச்சேன்."

"அழிச்சவரே சாட்சி" என்றேன். "இருந்ததைத்தானே சார் அழிக்க முடியும்?"

இளம்பரிதி மூலக் குரலைச் சாட்சியாக ஏற்றார். சிவப்புக் கோடு போனது. நான்காவது குறும்புத் தெரு என்று திரையில் கறுப்பில் நின்றது, அடுத்த நொடியே ஜாய்ஸ் ஆன்ட்டியின் பதிவு ஏழாம் நம்பர் மாடியில் போய் உட்கார்ந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

தெருமுனையில் சைக்கிள் வந்தது. கேரியரில் நான் பேசிக்கொண்டே வருகிறேன். முன்னால் ஷெர்லின், நின்றபடி மிதிக்கிறாள், நான் கனமாக இருக்கிறேன் என்று திட்டிக்கொண்டே. அவள் என்னைத் திட்டினதே எனக்கு மறந்து போயிருந்தது. அது அஷ்வினோ ஆன்ட்டியோ வைத்திருந்த ஞாபகம். இப்போது அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

கண்ணாடியைக் கழற்றியபோது மணி நாலு ஐம்பது. இளம்பரிதி எழுந்து நின்றார். "சந்தோஷம், அம்மா. முடியைக் கழட்டிக் குடுத்தீங்கன்னா முத்திரை போட்டுடலாம்."

"அந்த இடமறியாப் பெட்டியில மொத்தம் எத்தனை பதிவு?"

அவர் தயங்கினார். "நாலாயிரத்துச் சொச்சம்."

"எல்லாம் வாடகைக்காரங்களா?"

"பெரும்பாலும்."

பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்து, எங்களோடு லாரித் தண்ணீர் பிடித்து, எங்கள் எருமைக்குப் பயந்து, பெயர்ப்பலகையை நம்பினவர்கள். சொந்தமாகச் செங்கல் இல்லாததால் ஊரும் இல்லை என்று ஆகிவிடுமா? முடியை இரண்டு கையாலும் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கழட்ட மாட்டேன்."

"அம்மா, மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"ஒரு கிழவி தூங்கிட்டான்னு சொல்லுங்க. முன்னாடியும் நடந்திருக்கு."

அஷ்வின் தன் முடியில் கை வைத்தான். கழற்றப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அதைச் சரியாக வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். "சார், காப்பி கிடைக்குமா? இவ சீக்கிரம் எழுந்திருக்க மாட்டா."

இளம்பரிதி கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு பெட்டியைத் திறந்து முதல் பதிவைப் படித்தார். "கொடுத்தவர் நூர்ஜஹான். முகவரி, மாட்டாஸ்பத்திரி ஸ்டாப் பின்னாடி, இட்லிக்கார அக்கா சந்து. நிலை: அப்படி ஒரு சந்து இல்லை."

"இருக்கு" என்றேன்.

"இருக்கு" என்றான் அஷ்வின். "முனையில நீல டேங்க்."

"கறுப்பு. சந்து இருக்கு, அதை எழுதுங்க."

மூன்றாவது ஆளுக்காக இளம்பரிதி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே வரிசை இன்னும் கலையவில்லை.