பதினைந்தாவது படம்

காலையிலிருந்து சேர்ந்தவை பதினான்கு எக்ஸ்ரே படங்கள்தான். ஆனால் மதியம் இரண்டு மணிக்குக் கணினி ஸ்கிரிப்ட் பதினைந்தாவதாக ஒன்றை அனுப்பியிருந்தது.

எக்ஸ்ரே நிலையத்தின் பின்னறையில் சூடேறிய ஒயரின் நெடியும் சர்வர் விசிறிகளின் இரைச்சலும் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ள, அவன் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினான். இங்குள்ள படங்களை மணிக்கொரு முறை நகலெடுத்து, வெளியூர் டாக்டரின் சர்வருக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் அது. எழுதியவன் அவன்தான். பிழைச் செய்திகளின் தொணதொணப்பு தாங்காமல் அவற்றின் வாயை அடைத்துவிட்டு, எது நடந்தாலும் கடைசியில் 'எல்லாம் போய்ச் சேர்ந்தது' என்று சொல்லும்படி ஒரு வரி சேர்த்தவனும் அவன்தான்.

போன மாதம் ஒருநாள் இணைப்பு அறுந்தது. ஸ்கிரிப்ட் வழக்கம்போல் அதையே சொன்னது. போகாமல் நின்றவற்றில் அண்ணனின் நெஞ்சுப் படமும் ஒன்று. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே, பயப்பட ஏதுமில்லை என்று வீட்டில் தைரியம் சொன்னான். ஒன்பதாம் நாள் அண்ணனைப் பெட்டியில் வைத்து ஆணியடித்து அடக்கம் செய்தார்கள். நீ சொன்னதால்தான் அவர் கடைசிவரை நிம்மதியாக இருந்தார் என்று அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படம் போகவேயில்லை என்பதை அவன் சொல்லவில்லை.

அந்தப் பதினைந்தாவது கோப்பில் அண்ணனின் நோயாளி எண். இன்றைய தேதி.

படமெடுக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டான். ஒன்றரை மணிக்கே மிஷின் பழுதாகி அணைத்தாயிற்று என்றாள்.

மூன்று மணிக்கு அதே எண்ணில் இன்னொன்று போனது. இரண்டையும் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். ஒன்றில் நுரையீரல் சுருங்கியிருந்தது. மற்றதில் விரிந்திருந்தது.

ஸ்கிரிப்டை நிறுத்தினான். அழித்தான்.

நான்கு மணி. இன்னொன்றும் போனது.

போன் அடித்தது. அண்ணி.

"டாக்டர் ஆபீஸ்லேருந்து பேசினாங்க. அவரை இப்பவும் காப்பாத்திடலாமாம், உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க." மூச்சு வாங்கினாள். "படம் இன்னிக்குத்தான் வந்துச்சாம். அப்போ நீ அன்னிக்கு என்கிட்ட சொன்னது?"

அவன் நான்கு மணிக்குப் போன கோப்பைத் தட்டினான்.

புதிய படம் மேலிருந்து மெல்லத் திறந்தது. தாடை. விலா. நான்கு ஓரங்களிலும் வரிசையாக வெள்ளை ஆணிகள். நெஞ்சுக்கு மேல் விரிந்த பத்து விரல்கள்.

நுனி எலும்புகள் தேய்ந்திருந்தன.