பிடரியில் ஒரு துளை

விழிப்பு வந்ததும் பஞ்சர்க்காரனுக்கு முதலில் உறைத்தது தலையணையின் குளிர்ச்சிதான். தலை வைத்துப் படுத்திருந்த இடம் சூடாக அல்லவா இருக்க வேண்டும்? சுற்றிலும் சூடாகத்தான் இருந்தது. பிடரி அழுந்திக் கிடந்த அந்தக் கையகல இடம் மட்டும் ஈரத்துணி போட்டு எடுத்ததுபோல் சில்லிட்டுக் கிடந்தது. ஏன் என்று யோசிப்பதற்குள் நெஞ்சு இறுகிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து பிளந்து காற்றை இழுத்தான். காற்று வந்தது. வந்தது நிற்கவில்லை. ஓட்டை வாளியில் மொண்ட தண்ணீர் மாதிரி, எந்த வழியாகவோ போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்தில் மனைவி புரண்டாள். "ஏங்க, உங்களுக்கு மூச்சு வாங்குதா, இல்ல என் உயிர வாங்குறீங்களா?"

"முடியலடி. நெஜமாவே முடியல."

"நாலு டாக்டர் பார்த்தாங்களே, அத்தனை பேருக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு? படுங்க பேசாம." முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. நெஞ்சைப் படம் எடுத்தார்கள்; ரத்தம் எடுத்தார்கள்; மார்பெங்கும் ஒயரை ஒட்டிக் காகிதத்தில் கோடு கோடாய் இழுத்தார்கள். ஒருவர் வாயுத் தொல்லை என்றார். இன்னொருவர் எல்லாம் மனசுதான் என்றார். கடைசியாகப் பார்த்தவர் ரிப்போர்ட்டை மேசைமேல் தள்ளிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. அதையே நினைச்சுக்கிட்டுப் படுக்காதீங்க, போங்க" என்று அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார். ஒன்றுமே இல்லையாம்! ஒன்றுமே இல்லாததா ராத்திரி ராத்திரி வந்து கழுத்தைப் பிடிக்கிறது? பஞ்சர்க்காரனுக்கு வயிறு எரிந்தது. அந்த ஆத்திரத்துக்கு அடியில் பயம் கிடந்தது. ஒவ்வொரு இரவும் விழிப்பு கொஞ்சம் தாமதமாக வருகிறது. எழும்போது நெஞ்சில் மிச்சமிருக்கும் மூச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒருநாள் விழிப்பு வராமலேயே போய்விட்டால்? போனதுதான்.

பகலில் கடையில், லாரிச் சக்கரத்தில் சாய்ந்தபடியே கண் அசந்துவிடுவான். "அண்ணே, ராத்திரியெல்லாம் எங்க திருடப் போனீங்க?" என்று வண்டிக்காரன் ஒருத்தன் கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். அவன் முகத்தில் ஸ்பேனரை எறியலாமா என்று இருந்தது. எறியவில்லை, டியூபில் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கித் திருப்பினான். ஊசிமுனை அளவு ஓட்டை. குமிழி குமிழியாக வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவனின் கை அப்படியே நின்றுவிட்டது. இழுத்த காற்று நிற்கவில்லையென்றால் எங்கேயோ கசிகிறது என்றுதானே அர்த்தம்? தலையணையில் பிடரி பட்ட இடம் மட்டும் சில்லிட்டுக் கிடந்ததே!

இரவு வீட்டுக்குப் போனபோது மனைவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலையில எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஒரு வாரமாவது நிம்மதியாத் தூங்கிட்டு வரேன்."

"போ. போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு செஞ்சுட்டுப் போ." சோப்பு நுரைக் கிண்ணத்தை நீட்டினான். "இத என் பிடரில தடவிப் பாரு."

"பைத்தியம் முத்திப் போச்சா? நீங்க என்ன டயரா?"

திட்டிக்கொண்டேதான் வந்தாள், ஆனால் வந்தாள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். "இந்தக் கூத்த வெளிய சொன்னா என்னையும் சேர்த்து..." என்று ஆரம்பித்தவளின் பேச்சு பாதியில் அறுந்தது.

"என்னடி?"

அவன் தலையை விளக்குப் பக்கம் திருப்பி, இன்னொரு தடவை நுரையைத் தடவினாள்.

"குமிழி வருதுங்க" என்றாள். "ஓட்டை இருக்கு. நீங்க மூச்சு விடுறப்ப நுரை பெரிசாகுது... ஐயோ, இப்ப உள்ள போகுது. ஏங்க, நுரைய உள்ள இழுக்குதுங்க!"

கடைசியாகச் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. அவனுக்கு வந்தது சந்தோஷம். நான் சொன்னேனா இல்லையா!

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க" என்று அவள் அழுதாள்.

"போனா மறுபடி படம் எடுப்பாங்க, ஒண்ணுமில்லம்பாங்க. காலையில போவோம். இப்ப நீ ஒட்டு."

கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பசையையும் ரப்பர் துண்டையும் கொடுத்தான். நல்லாத் துடை, பசை காயட்டும், இப்ப வை, கட்டைவிரலால அழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டே செய்து முடித்தாள். தோல் தீயாய் எரிந்தது. பிறகு அவள் பையிலிருந்த துணிகளையெல்லாம் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

நடு இரவில் விழிப்பு வந்தது. திணறல் இல்லை. அறை முழுக்கப் பசையின் காரமான நெடி, தூரத்தில் லாரி ஒன்று கியர் மாற்றும் முனகல், ஜன்னல் திரையின் நிழல் சுவரில் மெல்ல அசைந்து அசைந்து ஓய்வது, எல்லாவற்றுக்கும் நடுவில் அவனுடைய மூச்சு நெஞ்சு கொள்ளாமல் நிறைந்து, ஆழமாக, ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. அப்பாடா! கேட்கவே சுகமாக இருந்தது. கேட்டுக்கொண்டே கிடந்தான்.

கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். அவன் இழுக்கவில்லை.

மூச்சை அடக்கிப் பார்த்தான். நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது.

நுரையை உள்ளே இழுக்குது என்று அவள் கத்தியது இப்போதுதான் உறைத்தது. டியூபில் என்றைக்காவது குமிழி உள்ளே போகுமா? ஒட்டுப் போடுவதற்கு முன்னால் டயருக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். குத்திய ஆணி உள்ளேயே இருக்கும். தொழிலுக்கு வந்த அன்றைக்கே படிக்கிற பாடம். அவன் ஓட்டையைத்தான் பார்த்தான். ஓட்டை போட்டதைப் பார்க்கவில்லை. ராத்திரி ராத்திரி அந்த வழியாக வந்து போய்க்கொண்டிருந்ததை உள்ளே வைத்தே ஒட்டிவிட்டான்.

எழுந்திருடி. ஓடு.

நாக்கு புரளவில்லை. உதடு திறக்கவில்லை.

கை எழுந்தது. அவன் தூக்கவில்லை.

அவள் தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டிருந்தாள். கை அவள் கூந்தலை ஒதுக்கியது. மெதுவாக. ஒரு முடிகூட இழுபடாமல். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளை இத்தனை பதமாகத் தொட்டதில்லை. விரல் பிடரியில் ஊர்ந்தது. தேடியது. ஓரிடத்தில் நின்றது. நகம் அழுந்தியது.

"ம்ம்..." என்று சிணுங்கினாள். "தூங்குங்க. காலையில ஆஸ்பத்திரி போகணும்ல."

குரலில் கோபமே இல்லை.

வேண்டாம். ஐயோ, வேண்டாம்.

முகம் குனிந்தது. வாய் திறந்தது. உதடு அந்த இடத்தில் பதிந்தது.

அவள் கூச்சத்தில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னும் நெருங்கிப் படுத்தாள்.